இருந்ததைவிட அதிகமாகச் செத்த மரங்கள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், என் வீட்டுக்காரர் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம். யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார என்னால் முடியாது. பந்தியில் பக்கத்து இலைக்காரர், இந்த வருஷம் மழை கம்மி என்று பொதுவாகச் சொன்னால்கூட, எந்த மாதத்தோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள் என்று கேட்டுவிடுவேன். அவர் அதற்கப்புறம் பாயசத்தை மட்டும்தான் பார்ப்பார்.

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லித் தருகிறேன். நடத்துகிற பாடங்களில் ஆயுள் கணக்குதான் எனக்கு உயிர். ஒரு மோட்டாரோ, மரமோ, மனுஷனோ எவ்வளவு காலம் தாங்கும் என்று கணக்கிடுவது. அதிலும் ஒரு பகுதி உண்டு. முடிவுக்குக் காரணம் ஒன்று மட்டும் இல்லாமல் நாலைந்து காரணங்கள் முண்டியடித்துக்கொண்டு நின்றால், எது எவ்வளவு பேரைக் கொண்டுபோகும் என்று பார்ப்பது. எது முந்திக்கொள்கிறதோ அது முடித்துவிடும், மற்றவை கையைப் பிசைந்துகொண்டு திரும்பிப் போக வேண்டியதுதான். பிள்ளைகளுக்கு இந்த இடம் வந்தாலே கொட்டாவி வந்துவிடும். எனக்குத்தான் குஷி. ஒரே ஆள் இரண்டு தடவை சாக முடியாது என்கிற சின்ன விஷயத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய கணக்கு நிற்கிறதே என்று ஒவ்வொரு வருஷமும் புதிதாக ஆச்சரியப்படுவேன்.

கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு முந்திரிக்கொல்லை உண்டு. அப்பா வைத்தது. அப்பாவுக்குப் பிறகு, எனக்குத்தான் சம்பளம் வருகிறதே, கொல்லை தம்பிக்கே இருக்கட்டும் என்று நான் ஒதுங்கிக்கொண்டேன். தம்பி அப்பா போன மறுவருஷமே துபாய்க்குப் போய்விட்டான், ஏசி மெக்கானிக் வேலைக்கு. அவன் மனைவியும் ஒரு பெண் குழந்தையும் ஊரில். அவள்தான் சீசனுக்குச் சீசன் கொல்லையில் கொட்டை பொறுக்கி, காயவைத்து, வியாபாரிக்குப் போட்டுவந்தாள். நடுவில் ஒரு பெரிய புயல் வந்து எங்கள் பக்கத்துக் கொல்லைகளைப் புரட்டிப் போட்டது. எங்கள் கொல்லையிலும் கணிசமாகச் சாய்ந்தது. சாயாமல் நின்ற மரங்களும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காய ஆரம்பித்தன. தூரில் ஓட்டை, ஓட்டையில் மரத்தூள், பிசின், மஞ்சளடித்த இலை. வண்டு. தண்டுக்குள் புழுவாக இருந்துகொண்டு அடிமரத்தைத் தின்கிற சாதி.

இந்தத் தடவை லீவில் வந்த தம்பி ஒரு கேள்வியோடு வந்தான். கொல்லையை மொத்தமாக அழித்துத் தைலமரம் வைத்துக்கொள்கிறேன் என்று ஒரு காண்ட்ராக்டர் வந்து நிற்கிறார். கொடுத்துவிட்டுத் துபாய்க்கே போய்விடலாமா, இல்லை விசாவை விட்டுவிட்டு முந்திரியைப் பார்த்துக்கொண்டு ஊரோடு இருந்துவிடலாமா? போனில் என்னிடம் இப்படிச் சொன்னான்: "கொல்லை நிக்கும்னா நானும் நிக்கிறேன்க்கா. அது போயிரும்னா நா மட்டும் இங்க நின்னு என்ன பண்ணப்போறேன்?"

அவன் மனைவி இந்தப் பேச்சில் ஒரு வார்த்தை கலந்துகொள்ளவில்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை பேசுகிறவள் தினமும் போன் பண்ணி, "எப்பங்கண்ணி வாரீங்க?" என்று கேட்டாள். எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? அவளுக்குக் கொல்லை இரண்டாம்பட்சம். புருஷன் வேண்டும். தம்பி வந்து இறங்கிய அன்றைக்கே, பெட்டியைப் பிரிப்பதற்குள், குழந்தை அவனைப் பார்த்து, "எப்பப்பா போவீங்க?" என்று கேட்டிருக்கிறது. இதை அவள் என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். விவசாய ஆலோசனை சொல்கிற ஏதோ தனியார் கம்பெனியாம். தம்பிதான் பணம் கட்டிக் கூப்பிட்டிருக்கிறான். கொல்லை முழுக்கச் சுற்றி, நிற்கிற மரம், செத்த மரம், குழி, கட்டை எல்லாவற்றையும் பார்த்து, கையிலிருந்த பலகைக் கணினியில் படம் படமாகப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மரியாதையான மனுஷன். தேநீரைக்கூட எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். அவர் காட்டிய முதல் படம், பத்து வருஷத்துக்குள் கொல்லையில் முக்கால்வாசி வண்டுக்குப் போய்விடும் என்றது. தம்பி முகம் செத்துப்போயிற்று. அவன் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த படத்தைக் காட்டச் சொன்னேன். அது காற்றுக்கு. பாதிக் கொல்லை காற்றில் சாயும் என்றது. அதற்கடுத்தது வெட்டுக்கு. கால்வாசி வெட்டுப்படும் என்றது.

முக்கால், பாதி, கால். நான் மனசுக்குள் கூட்டினேன். ஒன்றரை! எங்களுக்கு இருப்பதே ஒரு கொல்லை. சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு. தம்பி வயிறு எரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற நேரத்தில் சந்தோஷப்படுவது அழகில்லைதான், ஆனால் அப்படித்தான் இருந்தது.

"இருக்கிற மரத்தைவிட அதிகமா மரம் சாகுதேங்க, அது எப்படி?" என்று கேட்டேன்.

அவர் படங்களை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். மூன்றையும் கூட்டக்கூடாது, தனித்தனியாகப் பார்க்க வேண்டும், சாஃப்ட்வேர் அப்படித்தான் கொடுக்கிறது என்றார். சும்மா விடுவேனா? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வண்டுக் கணக்கைப் போடும்போது காற்றில் விழுந்த மரங்களை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கணக்கிலிருந்து விடுவித்துவிட்டோம் என்றார். வெட்டின மரங்களை? அவற்றையும்தான். அங்கேதான் கோளாறு. விடுவிப்பது என்றால், அந்த மரம் இன்னும் எங்கேயோ உயிரோடு நிற்கிறது, நாம்தான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் மற்ற மரங்களைப் போலவே அதையும் வண்டு தின்றிருக்கும் என்று அர்த்தம். மருத்துவ ஆய்வின் நடுவில் வெளியூர் போய்விட்ட நோயாளிக்கு அது பொருந்தும். வேரோடு சாய்ந்து விறகாகிவிட்ட மரத்தை எந்த வண்டு வந்து தின்னப்போகிறது?

அவர் முகத்தில் இன்னும் குழப்பம் தெளியவில்லை. நான் வந்த பஸ்ஸையே உதாரணமாகச் சொன்னேன். புதுக்கோட்டையில் தஞ்சாவூர் பஸ் ஏறுகிறவர்களில் சிலர் ஆதனக்கோட்டையில் இறங்குகிறார்கள், சிலர் கந்தர்வக்கோட்டையில். ஆதனக்கோட்டையில் இறங்கினவர் கந்தர்வக்கோட்டையில் மறுபடி இறங்க முடியாது. உங்கள் கணக்கு, இறங்கிப் போனவரையும் சீட்டில் உட்காரவைத்துக் கந்தர்வக்கோட்டையிலும் இறக்குகிறது. அடுத்த படத்தில் அதே ஆளை ஆதனக்கோட்டையிலும் இறக்குகிறது. பஸ்ஸில் ஏறினவர்களைவிட இறங்கினவர்கள் அதிகமாகிவிட்டார்கள், கண்டக்டர் என்ன செய்வார் பாவம்?

தம்பி சிரித்துவிட்டான். வந்ததிலிருந்து அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். ஆலோசகரும் நல்ல மனுஷன், கோபித்துக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பிப் போனார். காற்றும் கோடாலியும் இல்லாத ஏதோ ஒரு உலகத்தில் வண்டு எவ்வளவு தின்னும் என்பதுதான் அவர் போட்ட கணக்கு. நாங்கள் அந்த உலகத்தில் இல்லை. கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறோம்.

ஒருவர் கணக்கைத் தப்பு என்று சொல்லிவிட்டால் சரியான கணக்கை நாம் போட்டுக் காட்ட வேண்டும், அதுதான் முறை. கோடை விடுமுறை. தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டேன். என் வீட்டுக்காரர் போனில் கேட்டதற்கு, கொல்லைக்குக் கணக்குப் பார்க்கிறேன், ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் ரொம்ப நிதானமாகச் சரி என்றது எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது.

பழைய புடவைகளைக் கிழித்து மூன்று நிறத்தில் துண்டு போட்டோம். வண்டு தின்று காய்ந்த மரத்துக்குச் சிவப்பு. புயலில் சாய்ந்த மரம் இருந்த குழிக்கு ஒரு குச்சி நட்டு நீலம். கோடாலி விழுந்த இடத்துக்கு வெள்ளை. நல்ல மரங்களுக்கு ஒன்றும் கட்டவில்லை. அப்பா கயிறு பிடித்து வரிசையாக வைத்த கொல்லை என்பதால், மரம் இல்லாவிட்டாலும் இடம் தெரிந்தது. இரண்டே நாளில் கொல்லை திருவிழாக் கொட்டகை மாதிரி ஆகிவிட்டது. பக்கத்துக் கொல்லைக்காரர், என்ன வேண்டுதல் என்று தம்பியிடம் விசாரித்தார். எங்கக்கா படித்த படிப்பு என்று அவன் பதில் சொன்னான். கொழுப்பு.

எந்த மரம் எப்போது போனது என்பதுதான் சிரமம். ஆயுள் கணக்கில் காரணம் மட்டும் போதாது, காலமும் வேண்டும். புயலில் போனவற்றுக்குப் பிரச்சினை இல்லை, எல்லாம் ஒரே நாள். காய்ந்த மரங்களைத் தம்பி மனைவி சொன்னாள். கொட்டை பொறுக்குகிறவள் அவள்தானே. இது பாப்பா நடை பழகின சீசனில் பூக்கவில்லை, அது பாப்பாவுக்குக் காது குத்தின பிறகு இலை கொட்டியது என்று ஒவ்வொரு மரத்தையும் தொட்டுச் சொல்லிக்கொண்டு வந்தாள். பழம் நசுங்கி நாறுகிற சீசன். காலில் ஒட்டிக்கொண்டே வந்தது. வெட்டின மரங்களை நானும் தம்பியும் சொன்னோம். எங்கள் வீட்டில் ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு மரம் வெட்டுவார்கள், அடுப்புக்கு. என் சடங்குச் சாப்பாட்டுக்கு வெட்டினது, என் கல்யாணத்துக்கு, தம்பி கல்யாணத்துக்கு, கடைசியில் அப்பா காரியத்துக்கு என்று எங்கள் குடும்பத்துச் சரித்திரம் மொத்தமும் அந்த வெள்ளைத் துணியில் இருந்தது. அப்பா காரியத்து மரம் இருந்த இடத்தில் துணி கட்டும்போது தம்பி என்னைப் பார்க்காமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் அடுத்த துணியை எடுத்துக்கொண்டேன்.

மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு மரமும் ஒரே தடவை சாகிற கணக்கு. காற்றுக்கு இவ்வளவு, கோடாலிக்கு இவ்வளவு, வண்டுக்கு இவ்வளவு, மீதி நிற்கிறது, எல்லாம் கூட்டினால் ஒரே ஒரு கொல்லை, கூடவும் இல்லை குறையவும் இல்லை. வண்டுக்குப் போவது கால்பங்குக்குக் கொஞ்சம் மேலே. முக்கால்வாசி எங்கே, இது எங்கே! தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் நாற்காலியில் சாய்ந்து, அப்பாடா என்றான். அன்றைக்கு வீட்டில் கோழி அடித்தார்கள்.

அதோடு மூட்டை கட்டியிருக்கலாம். ஆனால் கணக்கை முடித்த பிறகு ஒரு தடவை கொல்லையின் நடுவில் நின்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் காலையில் தனியாகப் போனேன். துணிகளைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு ஒன்று இடறியது. வெள்ளைத் துணி கட்டினதெல்லாம் பழைய வருஷத்துச் சாவு. அப்பா காரியத்து மரத்துக்கப்புறம் ஒரு வெள்ளைகூட இல்லை. சிவப்பு எல்லாம் அதற்குப் பிந்தின சாவு. அதற்கு முன்னால் சிவப்பு அபூர்வம்.

திரும்பி வந்து வருஷவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். என் கால்பங்கு ஒரு சராசரி, அவ்வளவுதான். முதல் வருஷங்களில் வண்டு ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். பிறகு ஏற ஆரம்பித்து, வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. இதே ஏற்றத்தில் போனால் அந்த ஆலோசகர் சொன்ன முக்கால்வாசி நிஜமாகவே வந்துவிடும். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. அந்த மனுஷன் தப்பான பஸ் ஏறிச் சரியான ஊரில் போய் இறங்கியிருக்கிறார்!

புயலில் அடிபட்ட மரங்களில் வண்டு ஏறியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள், எங்கள் பக்கம் எல்லாப் பழியும் புயலுக்குத்தான். ஆனால் ஏற்றம் புயலுக்கு முன்னாலேயே தொடங்கியிருந்தது. தம்பி துபாய் போன மறு சீசனில். கோடாலி நின்ற இடத்தில் வண்டு எழுந்திருக்கிறது.

அப்போதுதான் உறைத்தது. அப்பா காய்க்கிற மரத்தில் கோடாலி வைக்க மாட்டார். விசேஷத்துக்கு விறகு வேண்டுமானால் கொல்லையைச் சுற்றி வருவார். தூரில் குனிந்து பார்ப்பார். தூள் கொட்டியிருக்கிற மரம், பிசின் வடிகிற மரம், அதைத்தான் வெட்டுவார். வெட்டி, வேர்க்கட்டையையும் தோண்டி எடுப்பார், வேர் நின்று எரியும் என்று. கூட ஆள் வைத்துக்கொள்ளவும் மாட்டார், ஒற்றை ஆளாகவே செய்து முடிப்பார். அந்த வேரில்தானே புழு குடியிருக்கும்? அடுப்பில் எரிந்தது விறகு மட்டும் இல்லை. அடுத்த மரத்துக்குப் போக வேண்டிய வண்டும் சேர்ந்து எரிந்திருக்கிறது.

இதில் நான் வகுப்பில் சொல்லித் தருகிற ஒரு விஷயம் இருக்கிறது. வெட்டின மரத்தை வெட்டாமல் விட்டிருந்தால் அது வண்டில் செத்திருக்குமா, இல்லை நூறு வருஷம் நின்றிருக்குமா என்பதைக் கணக்கு சொல்லாது. இரண்டில் எது உண்மையானாலும் நம் கையில் இருக்கிற எண்கள் ஒன்றாகத்தான் இருக்கும். எவ்வளவு பெரிய கெட்டிக்காரர் வந்தாலும் எண்களை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. கொல்லையில் என்ன நடந்தது என்று தெரிந்தவர் வேண்டும். எனக்குத் தெரியும். அந்த மரங்களில் வெந்த சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். அதனால் எனக்குச் சந்தேகமே இல்லை, இப்போதும் இல்லை.

மத்தியானம் சாப்பாடு முடிந்து மூவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். குழந்தை தூங்கிவிட்டது. நான் நேற்றுச் சொன்னது பாதிக் கதைதான் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். வண்டு ஏறுவது, ஏறத் தொடங்கின வருஷம், அப்பாவின் கோடாலி. தம்பி மனைவியைப் பார்த்து, காய்கிற மரத்தை நீயாவது ஆள் விட்டு வெட்டியிருக்கலாமே என்றான். குற்றம் சொல்கிற குரல் இல்லை, ஆனாலும் அப்படித்தான் விழுந்தது.

அவள் கொட்டைப் பால் பட்டுக் கறுத்துப்போன விரல்களைத் தேய்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "நீங்க அங்கிட்டு இருக்கையில நா இங்கிட்டு மரத்துல கோடாலி வச்சா, புருஷன் இல்லாத நேரம் பாத்து மரத்த வித்துத் திங்கிறான்னுதான் சொல்லுவாக. நீங்களுந்தான் சொன்னீங்க. ஒத்த மரத்தையும் தொட்டுறாத, நா வந்து பாத்துக்கிறேன்னு. நா ஒண்ணையும் தொடல. அப்படியே வச்சிருக்கேன் ஒங்களுக்கு."

உண்மைதான். காய்ந்த மரத்தைக்கூட அவள் காவல் காத்திருக்கிறாள். அடுப்புக்குக் கேஸ் வாங்கிக்கொண்டாள், ஊர்வாய்க்குப் பயந்து ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்கவில்லை. இவன் லீவில் வந்த போதெல்லாம் கோயில், சொந்தக்காரர் வீடு, புதுக்கோட்டையில் ஜவுளி என்று சுற்றிவிட்டு விமானம் ஏறியிருக்கிறான். புருஷன் வரும்போது மரம் குறையக்கூடாது என்று அவள் காத்ததில்தான் வண்டு கொழுத்திருக்கிறது. இதை யாரிடம் போய்க் குற்றமாகச் சொல்வது?

தம்பி என் பக்கம் திரும்பினான். "அப்ப நா இங்க இருந்தாத்தான் கொல்லை நிக்கும்னு சொல்றே. அப்படித்தானக்கா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான், எனக்கும் அதுதான் வேண்டும். தம்பி இங்கேயே இருந்தால் எனக்கு மட்டும் கசக்குமா? ஆனால் வாய் கேட்டால்தானே.

"நீ இருக்கணும்னு கணக்கு சொல்லலடா. கோடாலி இருக்கணும்னுதான் சொல்லுது. யாரு புடிச்சாலும் வண்டு சாகும்."

சொல்லி முடிப்பதற்குள் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். என் நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று இருந்தது. இத்தனை வருஷம் படித்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, கடைசியில் ஒருத்தி கையிலிருந்த ஒரே பிடிமானத்தையும் பிடுங்கி எறிந்தாயிற்று. சரியான விடைதான். அதில் மாற்றமில்லை. ஆனால் அன்றைக்கு அந்தச் சரி எனக்குக் கசந்தது.

அவள் திரும்பி வந்தபோது கையில் அப்பாவின் கோடாலி இருந்தது. எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறாள். இரும்பில் துருப்பொட்டுக்கூட ஒட்டியிருக்கவில்லை.

"அப்ப நா வெட்டிக்கிறேன். நீங்க மனசு கலங்காம போயிட்டு வாங்க. தைலமரம் வேணாம்," என்று அவனிடம் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "ஊருல யாராச்சும் கேட்டா அண்ணி வெட்டச் சொன்னாகன்னு ஒங்க பேரச் சொல்லிக்கவாண்ணி?" என்றாள்.

தாராளமாகச் சொல் என்றேன். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காண்ட்ராக்டருக்கு இல்லை என்று சொல்லிவிடலாம் என்று மட்டும் சொன்னான். டிக்கெட் பற்றி யாரும் பேசவில்லை. பேசாததாலேயே அது முடிவாகிவிட்ட மாதிரி இருந்தது. அவன் போவான், அவள் வெட்டுவாள், கொல்லை பிழைக்கும். என் கணக்குப்படி எல்லாம் சரி.

மறுநாள் விடிந்ததும் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவள் கொல்லைக்குக் கிளம்பினாள். நானும் தம்பியும் பின்னால் போனோம். சிவப்புத் துணி கட்டின மரங்களில் முதல் வரிசையில் இருந்ததைத் தேர்ந்தெடுத்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓங்கி ஒரு போடு போட்டாள். குறி தப்பவில்லை. அவளும் இந்தப் பக்கத்துப் பெண்தானே, விறகு பிளந்து வளர்ந்தவள். சிராய் தெறித்தது. பக்கத்துக் கொல்லைக்காரர் வேலியோரம் வந்து நின்று பார்த்தார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த போடு போட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. துக்கமாகவும் இருந்தது.

தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவள் பாதி வெட்டியிருப்பாள், இவன் விறுவிறுவென்று எங்கேயோ போய்விட்டான். பார்க்கச் சகிக்காமல் வீட்டுக்குப் போகிறான் என்றுதான் நினைத்தேன். இந்த வீட்டு ஆம்பளைகளுக்கு எப்போதும் முதுகைக் காட்டத்தான் தெரியும் என்று அவன் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னேன்.

திரும்பி வந்தான். பக்கத்துக் கொல்லைக்காரரிடம் இரவல் வாங்கின ரம்பம் தோளில் கிடந்தது, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த நீள ரம்பம். அவள் வெட்டின வெட்டில் பல்லை வைத்து, ஒரு பக்கம் குந்தி உட்கார்ந்துகொண்டு, எதிர்ப்பக்கக் கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னான்.

"கோடாலியே போதுமேங்க," என்றாள் அவள். மூச்சு வாங்கியது. "நீங்க ஊருக்குப் போனப்பறம் இத நா யாரோட சேந்து இழுக்க?"

"போகல," என்றான். "இந்தக் கொல்லைய ஒத்த ஆளா பாக்க முடியாது புள்ள. ரெண்டு ஆள் வேணும்."

அவள் நம்பவில்லை. நேற்று நான் சொன்னது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. யார் பிடித்தாலும் வண்டு சாகும். அவள் என்னைப் பார்த்தாள். அவனும் என்னைப் பார்த்தான்.

"இல்லையாக்கா?" என்று கேட்டான்.

அப்பா ஒற்றை ஆளாகப் பார்த்த கொல்லை அது. எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஒரு ஆள் போதும் என்றுதான் கணக்கும் சொல்கிறது, எந்தச் சந்தேகமும் இல்லாமல்.

"ஆமாடா," என்றேன். "ரெண்டு ஆள் வேணும்."

அவள் கோடாலியைக் கீழே வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.